அம்மாவின் தோள் இளகவில்லை: எண்ணெய் தேய்க்கும்போது மனதை எப்படி அமைதிப்படுத்துவது?

திருகோணமலை, உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அம்மாவுக்கு 68 வயது. படிப்பித்து ஓய்வுபெற்றவர். கழுத்தும் தோளும் எப்போதும் இறுக்கம். டொக்டர் பார்த்துவிட்டு, எலும்பில் பிரச்சினை இல்லை, எண்ணெய் தேய்த்து இலேசாகப் பிடித்துவிடுங்கள் என்றார். பழகிக்கொண்டு நானே செய்கிறேன். ஆனால் படுத்தவுடனேயே 'அடுப்பை நிப்பாட்டினியா, கேற் பூட்டியிருக்கா' என்று தொடங்கிவிடுவார். 'யோசிக்காமல் படுங்கோ அம்மா' என்று சொன்னால் இன்னும் இறுகிப்போகிறார். பாட்டுப் போட்டால் சரிவருமா? வேறு என்ன செய்யலாம்?"

முதலில், 'யோசிக்காமல் படுங்கோ' என்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அதைக் கேட்டவுடன் அம்மாவுக்கு இன்னொரு வேலை வந்துவிடுகிறது: தான் யோசிக்கிறோமா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருப்பது. காலமெல்லாம் வகுப்பையும் வீட்டையும் கவனித்தவர் படுத்தவுடன் அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைக்க முடியாது. இப்போது எதையும் கவனிக்கத் தேவையில்லை என்று அவருடைய உடம்புக்குத் தெரியவேண்டும். அந்த நம்பிக்கையைச் சொல்லால் கொடுக்க முடியாது. செய்துதான் கொடுக்க வேண்டும்.

அடுப்பை அம்மாவே நிப்பாட்டட்டும், கேற்றையும் அவரே பூட்டட்டும். நீங்கள் செய்து வைத்துவிட்டுச் சொல்வதைவிட, தன் கையால் செய்தது மனதில் நிற்கும். மலசலகூடத்துக்கும் போய்விட்டு வரட்டும். படுத்த பிறகு ஏதாவது ஞாபகம் வந்தால் பக்கத்தில் ஒரு கொப்பி வைத்திருந்து குறித்துக்கொள்ளுங்கள். "எழுதிட்டன் அம்மா" என்ற ஒரு சொல் போதும். எழுதப்பட்ட விஷயத்தை மனம் திரும்பத் திரும்பப் பிடித்துவைத்திருக்காது.

நேரமும் முக்கியம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையின் மத்தியான வெக்கையில் யாருக்கும் உடம்பு இளகாது. விடியப்புறம் அல்லது பொழுதுபட்ட பிறகு வையுங்கள். ஃபானை நேரே முதுகில் விடாதீர்கள். எண்ணெய் பட்ட தோலில் காற்று அடித்தால் வெயில் காலத்திலும் குளிரும், குளிர்ந்தால் தசை இறுகும். தேய்க்கும் இடத்தை மட்டும் திறந்து, மற்ற இடத்தை ஒரு பழைய சேலையால் மூடிவிடுங்கள். மகள் முன்னால் என்றாலும் கூச்சம் இருக்கும். மூடியிருப்பது அதற்கும் நல்லது. மாரியில் எண்ணெய்க் கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்து இளஞ்சூடாக்கி, முதலில் உங்கள் கையில் ஊற்றித் தேய்த்துக்கொள்ளுங்கள்.

குப்புறப் படுத்தே ஆகவேண்டும் என்றில்லை. நம் ஊரில் அந்த வயதுக்காரர் யுத்தத்தையும் 2004 சுனாமியையும் பார்த்தவர்கள். கதவு தெரியாமல், முகத்தைப் புதைத்துப் படுப்பது சிலருக்கு ஒத்துவராது, ஏன் என்று அவர்களுக்கே சொல்லத் தெரியாது. மேசையில் இரண்டு தலையணை வைத்து, கதிரையில் உட்கார்ந்தபடி கைகளை மடித்துத் தலையைச் சாய்க்கச் சொல்லிப் பாருங்கள். கழுத்துக்கும் தோளுக்கும் அது தாராளம். கதவு திறந்திருக்கவேண்டுமா, சாத்தவேண்டுமா என்றும் அவரிடமே கேளுங்கள்.

இனிக் கை. முக்கால்வாசி விஷயம் இங்கேதான் இருக்கிறது. நம் தோலில், உரோமம் உள்ள பகுதிகளில், மெதுவான வருடலுக்கென்றே ஒரு வகை மெல்லிய நரம்பிழைகள் உண்டு. விநாடிக்கு 1 முதல் 10 சென்ரிமீற்றர் வரையான வேகத்தில் கை நகரும்போது அவை நன்றாக வேலை செய்கின்றன. 3 சென்ரிமீற்றர் அளவில் மிக இதமாக இருக்கும். கையும் தோலின் சூட்டிலேயே, ஏறக்குறைய 32 பாகை செல்சியஸில், இருந்தால் இன்னும் நல்லது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை 25 சென்ரிமீற்றர் என்று வைத்தால், அந்தத் தூரத்தைக் கடக்க 8 விநாடி எடுக்கவேண்டும். மனதுக்குள் எண்ணிச் செய்து பாருங்கள், நீங்கள் இதுவரை எவ்வளவு வேகமாகத் தேய்த்தீர்கள் என்று விளங்கும். அவசரமான கை அவசரத்தைத்தான் கடத்தும். அதனால் உங்கள் போனையும் வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

எடுத்தவுடன் நோகிற தோளில் கை வைக்காதீர்கள். இரண்டு உள்ளங்கைகளையும் முதுகின் நடுவில் வைத்து, அசைக்காமல், அவருடைய நாலைந்து மூச்சுக்குக் காத்திருங்கள். பிறகு ஒரே பாதையில், ஒரே ஒழுங்கில் போங்கள்: முதுகு, தோள், கை, திரும்ப முதுகு. அடுத்து எங்கே கை வரும் என்று தெரிந்துவிட்டால் மனம் காவல் நிற்பதை விட்டுவிடும். எண்ணெய் எடுக்கும்போதும் ஒரு கை அவர்மேலேயே இருக்கட்டும். சித்த மருத்துவத்தில் உடம்பு பிடித்துவிடும் முறையைத் தொக்கணம் என்பார்கள், அதில் ஒன்பது வகை சொல்வார்கள். அந்த ஒன்பதில் அழுத்தலும் பிடித்தலும் உங்களுக்குப் போதும். தட்டல், முறுக்கல், இழுத்தல் எல்லாம் முறைப்படி கற்றவர்களின் கைக்கு உரியவை. கழுத்தின் முன்பக்கத்தில் அழுத்தவே கூடாது.

மூச்சைப் பற்றிப் பாடம் நடத்தாதீர்கள். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் மெதுவாகும். அவர் மூச்சை விடுகிற நேரம் பார்த்து அழுத்துங்கள், இழுக்கும்போது தளர்த்துங்கள். நீங்களும் கேட்கிற மாதிரி நீளமாக மூச்சு விடுங்கள். கொஞ்ச நேரத்தில் அவருடைய மூச்சும் அந்தப் போக்குக்கு வந்துவிடும்.

அப்படியும் தோள் காதுப்பக்கம் ஏறியே நின்றால், 1920களில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறை உதவும். தோளைத் தளர்த்தச் சொல்லாமல், வேண்டுமென்றே இன்னும் மேலே தூக்கச் சொல்லுங்கள். ஐந்து விநாடி அப்படியே வைத்திருந்து, சட்டென்று விடட்டும். இறுக்கம் எப்படி, தளர்வு எப்படி என்று அப்போதுதான் தசைக்கே வித்தியாசம் தெரியும். இரண்டு மூன்று தரம் செய்தால் போதும்.

பாட்டுப் போடலாம், ஆனால் சொல் உள்ள பாட்டு வேண்டாம். தெரிந்த பாட்டென்றால் மனம் வரியைப் பின்தொடர்ந்து போய்விடும். குறைந்த சத்தத்தில் புல்லாங்குழலோ வீணையோ சரி. உப்புவெளியில் கடல் கேட்கும் வீடென்றால் அதுவே எனக்குப் பிடித்தது. தொடக்கத்தில் அம்மா கதைத்தால் கதைக்கவிடுங்கள். சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள், நீங்களாக ஒரு கேள்வியும் கேட்காதீர்கள். பேச்சு தானாகத் தேய்ந்துவிடும். "நோகுதா" என்று அடிக்கடி கேட்பதற்குப் பதிலாக, நொந்தால் ஒரு விரலைத் தூக்கச் சொல்லி முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

சிலர் நடுவில் அழுவார்கள். பயப்படவேண்டாம், காரணமும் கேட்கவேண்டாம். கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்து, தொடரட்டுமா, நிறுத்தட்டுமா என்று மட்டும் கேளுங்கள்.

காய்ச்சல் இருந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி நோவெடுத்தாலோ, கை புதிதாக விறைத்து மரத்துப்போனாலோ அன்றைக்குத் தேய்க்காமல் டொக்டரிடம் காட்டுங்கள். மற்ற நாட்களில் 20 நிமிடம் தாராளம். முடிந்ததும் உடனே எழுப்பாதீர்கள். இந்த வயதில் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். கொஞ்ச நேரம் உட்காரவிட்டு, உள்ளங்காலில் எண்ணெய் பட்டிருந்தால் துவாயால் நன்றாகத் துடைத்துவிட்ட பிறகே தரையில் கால் வைக்கவிடுங்கள்.