பிள்ளை பிறந்தபின் மனைவிக்கு மனச்சோர்வு: கணவன் என்ன செய்யலாம்?

பேறு முடிந்து சில நாளில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அதைத் தாண்டியும் துயரம், பதற்றம், பிள்ளை உறங்கினாலும் நித்திரை வராமை நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். ஹோர்மோன்கள் சடுதியாக வீழ்வதும் நித்திரை முறிவதும் இதற்குப் பெரிய காரணங்கள். வற்றிய கிணற்றில் மோட்டரைப் போட்டுவிட்டுத் தண்ணீர் வரவில்லையே என்று ஏசிப் பயனில்லை. ஊற விட வேண்டும்.

முதல் மருந்து நித்திரைதான். இரவில் ஒரு வேளை, எடுத்து வைத்த தாய்ப்பாலை நீங்கள் பருக்கி, ஏப்பம் எடுப்பித்து, துணி மாற்றினால் அவருக்குத் தொடர்ந்து நான்கைந்து மணிநேரம் கிடைக்கும். "பால் காணாதோ?" என்று கேட்க வரும் சொந்தங்களை வாசலிலேயே சமாளியுங்கள். 31ஆம் நாள் துடக்குக் கழியட்டும் என்று காத்திராமல், வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926. சாவைப் பற்றிப் பேசினாலோ, இல்லாத குரல் கேட்டாலோ தனியே விடாமல் உடனே யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

மாத்திரை எடுத்தால் பால் கொடுக்க முடியாது என்பது தவறு. பாலூட்டும்போதே எடுக்கக்கூடியவற்றை வைத்தியர் தெரிந்து தருவார்.