தோளை அறுக்கும் நீச்சலுடை: குறை உங்கள் உடம்பில் இல்லை

கேள்வி: எனக்கு வயது 42. உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 78 கிலோ. இரண்டு குழந்தைகளும் சிசேரியன். வயிறு சரிந்துவிட்டது, இடுப்பும் தொடையும் பெருத்துவிட்டன. முழங்கால் வலிக்கு நீச்சல் பழகச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தஞ்சாவூரில் பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கியிருக்கும் ஒரு குளத்தில் சேரப் போகிறேன். சுடிதார், நைட்டி கூடாது, நைலான் நீச்சலுடைதான் போட வேண்டும் என்கிறார்கள். குர்த்திக்கு எடுக்கும் அதே எக்ஸ்எல் அளவில் ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். தோளை அறுக்கிறது, பின்பக்கம் மேலே ஏறுகிறது, குனிந்தால் மார்பு தெரிகிறது. கண்ணாடியில் பார்த்து அழுதுவிட்டேன். என் உடம்புக்கு நீச்சலுடையெல்லாம் ஒத்துவராதா அக்கா? எட்டாவது படிக்கும் மகளும் என்னோடு வருகிறாள். அவளுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், பாபநாசம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

நன்றாக ஒத்துவரும். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று தொல்லைகளுக்கும் காரணம் ஒன்றுதான்: அந்த உடையின் நீளம் உங்களுக்குப் போதவில்லை. உங்கள் வயிறும் இடுப்பும் இதில் எந்தத் தப்பும் செய்யவில்லை.

ஒரே துண்டாக வரும் நீச்சலுடை தோளில் தொடங்கி, முன்பக்கமாக இறங்கி, கால்களுக்கு நடுவில் புகுந்து, முதுகு வழியாக மறுபடி தோளுக்கே வந்து சேர்கிறது. குறுக்கே அந்தத் துணி நன்றாக இழுபடும். ஒரு அங்குலம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துவிடலாம். நெடுக்கே குறைந்தால்தான் வினை. மேலே ஸ்ட்ராப் தோளில் பதியும், கீழே பின்பக்கம் ஏறும், நடுவில் கழுத்து கீழே இறங்கும். உங்களுக்கு நடந்தது அப்படியே இதுதான். குர்த்தி கீழே தளர்வாகத் தொங்குவதால் அதன் எக்ஸ்எல் உங்கள் மார்பளவை மட்டும்தான் சொல்லும். அதை நம்பி நீச்சலுடை எடுத்தால் பத்தில் பல பேருக்கு இப்படித்தான் ஆகும்.

எனவே அடுத்தது வாங்கும் முன் அளவு எடுத்துவிடுங்கள். மெல்லிய உள்ளாடையோடு நேராக நின்று, டேப்பை மகளைப் பிடிக்கச் சொல்லுங்கள். கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில், ப்ளவுஸ் தோள் உட்காரும் இடத்தில் ஆரம்பித்து, மார்பின் மேடான பகுதி வழியாகக் கீழே இறக்கி, கால்களுக்கு நடுவே விட்டு, முதுகு வழியாக ஆரம்பித்த இடத்துக்கே கொண்டுவர வேண்டும். டேப் உடம்பைத் தொட்டிருக்கட்டும், இறுக்க வேண்டாம். உங்களுக்கு இது 60 அங்குலத்தைத் தாண்டும். பெரிய எண்ணாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள், வளர்ந்த பெண்கள் பலருக்கும் ஏறத்தாழ அந்தக் கணக்கில்தான் வரும். அப்புறம் மார்பு, மார்புக்குக் கீழ், தொப்புளை ஒட்டிய வயிறு, பின்பக்கம் அகலமான இடத்தில் இடுப்பு. எல்லாவற்றையும் 2.54 ஆல் பெருக்கி சென்டிமீட்டரிலும் எழுதி வையுங்கள். நீச்சலுடை அளவு அட்டவணைகள் பெரும்பாலும் சென்டிமீட்டரில்தான் இருக்கும். ஒரு கம்பெனியின் எக்ஸ்எல் இன்னொரு கம்பெனியின் எல் ஆக இருக்கும், அதனால் எழுத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இரண்டு துண்டாக வருவதைத்தான் எடுப்பேன். இடுப்பு மறையும் நீளத்தில் அரைக்கை அல்லது முழுக்கை மேல்சட்டை, கூடவே தொடைப் பாதி வரை அல்லது முழங்கால் வரை வரும் டைட்ஸ். இரண்டும் தனித்தனி என்பதால் நீளப் பிரச்சினையே கிடையாது. மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்றுகூட எடுக்கலாம். இடுப்பு பெருத்தவர்களுக்கு அது பெரிய வசதி. கழிவறைக்குப் போக முழுவதும் உரிக்க வேண்டியதும் இல்லை, ஈரத்தோடு ஒற்றைத் துண்டை உரிப்பது லேசான வேலை அல்ல. ஆனால் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மேல்சட்டையின் உள்ளே இடுப்பில் எலாஸ்டிக்கோ, டைட்ஸோடு சேர்த்துக் கட்ட ஒரு நாடாவோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரில் இறங்கிய மறு நிமிடம் சட்டை மார்பு வரை மிதந்து ஏறிவிடும், நீங்கள் நீந்துவதை விட்டுச் சட்டையை இழுத்துக்கொண்டிருப்பீர்கள்.

கடைக்காரர் முதலில் பாவாடை வைத்த மாடலைத்தான் எடுத்துப் போடுவார், "குடும்பப் பெண்கள் இதைத்தான் வாங்குறாங்க" என்பார். கரையில் நிற்க அது அழகுதான். தண்ணீருக்குள் அந்தப் பாவாடை விரிந்து மேலே வரும், உதைக்கும் ஒவ்வொரு உதையையும் பின்னுக்கு இழுக்கும். புதிதாகப் பழகுகிறவருக்கு வேண்டாம். உடை மாற்றும் அறையிலிருந்து குளம் வரை நடக்கக் கூச்சமாக இருந்தால் ஒரு பெரிய துண்டைச் சுற்றிக்கொண்டு போய், படியில் வைத்துவிட்டு இறங்குங்கள். முழங்கால் வரை போட்டால் பட்டிக்காடு என்பார்களோ என்ற கவலையும் வேண்டாம். 2010 முதல் உலக நீச்சல் போட்டிகளின் விதியே, பெண்களின் உடை தோளிலிருந்து முழங்கால் வரை இருக்கலாம் என்பதுதான். தலை முதல் கணுக்கால் வரை மூடும் புர்கினி போட்டு நீந்துகிற பெண்களும் உலகமெங்கும் இருக்கிறார்கள். உங்கள் குளம் எதை அனுமதிக்கிறது என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வயிற்றுக்கு வருவோம். வயிற்றை உள்ளே அழுத்திக் காட்டும் நீச்சலுடைகள் விற்கிறார்கள். உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். நீச்சலில் முதல் பாடமே மூச்சு. ஆழமாக இழுத்து, தண்ணீருக்குள் முழுக்க விட வேண்டும். வயிற்றைக் கட்டிப்போட்டுவிட்டு அதைப் பழக முடியாது. அதற்குப் பதிலாக வயிற்றுப் பகுதியில் பக்கவாட்டில் சுருக்கம் வைத்துத் தைத்ததை எடுங்கள். துணி வயிற்றோடு ஒட்டி அதன் வடிவத்தை அப்படியே காட்டாது, சுருக்கத்தின் மடிப்பில் கண் தங்கிவிடும். நிறத்துக்கு நீங்கள் பட்டுக்கடையில் பழகிய கண்ணே போதும். திருபுவனத்தில் புடவை எடுக்கும்போது எந்த அடர்நிறம் உங்களைச் சிக்கென்று காட்டும், எந்தப் பெரிய பூ உடம்பைப் பருமனாக்கும் என்று உங்களுக்கே தெரியும். கருநீலம், கரும்பச்சை, அரக்கு ஆகியவற்றில் டைட்ஸ் எடுத்துவிட்டு, டிசைன் வேண்டுமென்றால் மேல்சட்டையின் தோள், கழுத்துப் பக்கம் இருக்கட்டும். விலாவில் மேலிருந்து கீழாக ஒரு அடர்நிறப் பட்டை ஓடினால் இன்னும் நல்லது. வெள்ளை, சந்தனம், இளமஞ்சள் எதுவும் வேண்டாம். நனைந்தால் உள்ளே இருப்பது தெரியும். எந்த நிறமாக இருந்தாலும் துணியை விரலில் இழுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விரல் தெரிந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

மார்புக்கு உள்ளேயே அகல எலாஸ்டிக் வைத்து, கப் தைத்து வருவதை எடுங்கள். வீட்டில் போடும் காட்டன் பிராவை உள்ளே போட்டுக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அது தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தொங்கும். செருகி எடுக்கும் கப்பும் இரண்டு நாளில் மடங்கி ஒரு ஓரமாகப் போய் நிற்கும். பாரத்தைத் தாங்குவது மார்புக்குக் கீழே இருக்கும் அந்த எலாஸ்டிக்தான், ஸ்ட்ராப் இல்லை. ஸ்ட்ராப்புக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் சும்மா நிற்காதீர்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், குனியுங்கள், முழங்கால் இடம் கொடுக்கும் அளவுக்கு உட்கார்ந்து எழுந்திருங்கள், நின்ற இடத்தில் ஒரு குதி குதியுங்கள், நெஞ்சு நிறைய மூச்சை இழுங்கள். எதுவும் ஏறாமல், இறங்காமல், அறுக்காமல் இருந்தால் அதுதான் உங்கள் அளவு. காய்ந்திருக்கும்போது கொஞ்சம் பிடித்தாற்போல் இருக்கலாம், தண்ணீரில் தளர்ந்து கொடுக்கும். வீட்டில் தளர்வாகச் சுகமாக இருப்பது குளத்தில் பை மாதிரி தண்ணீர் பிடிக்கும்.

மற்ற வாசகிகளுக்காக இரண்டு வரி. ஒல்லியாக, இடுப்பு வளைவில்லாமல் இருக்கிறவர்கள் குறுக்குக் கோடு, இரட்டை நிறம், இடுப்பில் சுருக்கம் என்று தாராளமாகப் போடலாம். தோள் அகலமானவர்களுக்கு முதுகில் குறுக்கே சேரும் ஸ்ட்ராப்பும், கழுத்தில் 'வி' வெட்டும் எடுப்பாக இருக்கும். உயரமானவர்கள் நான் மேலே சொன்ன நீள அளவைப் பார்க்காமல் ஒற்றைத் துண்டு எதையும் வாங்கவே கூடாது.

நைட்டி ஏன் கூடாது என்று உங்களுக்கு வருத்தம் இருப்பதாகப் படுகிறது. பருத்தி நனைந்தால் கனக்கும், காலைச் சுற்றும். பழகாதவருக்கு அது ஆபத்து. நூல் பிரிந்து குளத்தின் வடிகட்டியையும் அடைக்கும். குடமுருட்டி ஆற்றுப் படித்துறையில் பாவாடையை மார்போடு ஏற்றிக் கட்டிக் குளித்த பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாவாடைக்குள் காற்றைப் பிடித்து உப்பவைத்து அதன் மேல் மிதந்த சிறுமிகளும் உண்டு. ஆடிப்பெருக்கன்று படித்துறையில் கிழவி முதல் குமரி வரை நிற்பார்கள், யாருடைய வயிறு சரிந்திருக்கிறது என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. பெண்கள் நேரத்துக் குளத்துக்கு வருகிறவர்களும் அந்த வீட்டுப் பெண்கள்தான். பிரசவ வயிறும், தையல் தழும்பும், வெரிகோஸ் நரம்பும் அங்கே பலருக்கு இருக்கும். உங்களை அங்கே யாரும் வேற்றாளாகப் பார்க்க மாட்டார்கள்.

மகளுக்கு முழங்கால் வரை வரும் சாதாரண ஒற்றைத் துண்டு போதும், உள்துணி வைத்ததாக இருக்கட்டும். வளர்கிற பிள்ளை என்று ஒரு அளவு பெரிதாக வாங்கிவிடாதீர்கள். தளர்ந்த உடை தண்ணீரை நிரப்பிக்கொண்டு இழுக்கும், அவளுக்குக் கூச்சத்தையும் தரும். நிறத்தில் மட்டும் உங்களுக்குச் சொன்னதற்கு நேர்மாறு: பளிச்சென்ற ஆரஞ்சு, அடர் ரோஸ், கண்ணைப் பறிக்கும் பச்சை. நீலம், சாம்பல், வெள்ளை தண்ணீருக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் போகும். பிள்ளை முங்கினால் கரையில் இருப்பவர் பார்வைக்குச் சட்டென்று அகப்பட வேண்டும். இந்த நிறங்களுக்குள் அவளே தேர்ந்தெடுக்கட்டும். மாதவிலக்கு நாட்களில் நாப்கினோடு இறங்க முடியாது, தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும். அந்த நாட்களில் ஓய்வு கொடுங்கள். உள்ளே வைத்துக்கொள்ளும் மென்ஸ்ட்ருவல் கப் பழகியவர்கள் போகலாம்.

இன்னொன்று. மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்ததும், "அதான் நீச்சல் தெரியுமே" என்று அவள் ஆற்றுக்குக் கிளம்புவாள். குளத்து நீச்சல் வேறு, ஓடும் தண்ணீர் வேறு. கொள்ளிடத்திலும் காவிரியிலும் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. பழகிய பெரியவர் கூட இல்லாமல் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

துணியில் 80 சதவீதம் நைலான், 20 சதவீதம் ஸ்பான்டெக்ஸ் (இழுபடும் நூல்) என்று போட்டிருப்பது மென்மையாகப் பொருந்தும், ஆனால் குளோரின் அதன் இழுவையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். வாரத்தில் நாலைந்து நாள் போவதென்றால், உங்கள் குளத்தில் நைலான்தான் வேண்டும் என்று கண்டிப்பு இல்லையென்றால், பாலியஸ்டரும் பிபிடி என்ற குளோரின் தாங்கும் பாலியஸ்டர் வகையும் கலந்ததை எடுங்கள். குளத்தில் இறங்கும் முன் ஷவரில் உடையையும் தலையையும் நல்ல தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள், அப்போது குளோரின் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது. வந்ததும் அலசிப் பிழியாமல் நிழலில் போடுங்கள். வாஷிங் மெஷினும் மொட்டை மாடி வெயிலும் அதற்கு எமன்.

வாங்கிய எக்ஸ்எல்லில் கால்களுக்கு நடுவே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பிரிக்காமல் இருந்தால் இன்றே திருப்பி அனுப்புங்கள். அது பிரிந்தால் பல இடங்களில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்ததை உள்ளாடைக்கு மேலேயே போட்டுப் பாருங்கள். ப்ளவுஸ் தைக்கும் டெய்லரிடம் பிரித்துத் தைக்கக் கொடுக்க வேண்டாம். சாதாரண நேர்த்தையல் இழுபடும் துணியில் முதல் நாளே தெறித்துவிடும்.

முழங்கால் வலியைப் பயிற்சியாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தவளை மாதிரி காலை அகட்டி உதைக்கும் நீச்சல் முழங்காலின் உள்பக்கத்துக்குச் சிரமம் தரும். மார்பளவு தண்ணீரில் நடப்பதில் ஆரம்பித்து, காலை நேராக நீட்டி உதைக்கும் நீச்சலைக் கற்றுத்தரச் சொல்லுங்கள். அளவு எடுத்த பிறகும் எதை வாங்குவது என்று குழப்பமாக இருந்தால், உங்கள் ஐந்து எண்களையும், நீங்கள் பார்த்து வைத்திருக்கும் உடையின் அளவு அட்டவணையையும் எழுதி அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.