குடியரசு என்றாலே பேச்சுரிமை உண்டா?

குடியரசில்தான் பேச்சுரிமை பத்திரம், வெறும் ஜனநாயகத்தில் பெரும்பான்மை வாயை அடைத்துவிடும் என்கிறார்களே, சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிதான் சரி.

குடியரசு என்றால் நாட்டின் தலைமை பரம்பரையாக வராது, அவ்வளவுதான். பிரிட்டனில் மன்னர் இருக்கிறார். அவரைக் கேலி செய்து கார்ட்டூனும் போடலாம். சீனா குடியரசு, அதன் அரசியல் சாசனத்தின் 35ஆவது பிரிவில் பேச்சுரிமையும் இருக்கிறது, ஏட்டளவில்.

பெரும்பான்மைக்கும் கடிவாளம் போடும் சாசனமும், அதைத் துணிந்து சொல்லும் நீதிமன்றமும்தான் முக்கியம். 1950இல் சென்னை மாநில அரசு, ரொமேஷ் தாப்பரின் ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் உள்ளே வரக் கூடாது என்று தடை போட்டது. மே மாதமே உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்புறம்? 1951இல் நம் அரசியல் சாசனத்துக்கு முதல் திருத்தம் வந்து, பேச்சைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் ‘பொது ஒழுங்கு’ம் சேர்ந்துகொண்டது. அதை நிறைவேற்றியது, முதல் பொதுத் தேர்தலே நடக்காத காலத்துத் தற்காலிக நாடாளுமன்றம்!