ஓர் அரே, பல பதிவுகள்

கேள்வி: எங்கள் ஊர் வாசகசாலைக்காகப் பிஎச்பி என்ற நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளமும் கொண்டு நூற்பட்டியல் மென்பொருள் எழுதி வருகிறேன். ஒரு நூலுக்குப் பல ஆசிரியர்கள் இருந்தால், படிவத்திலிருந்து அவர்கள் பெயர்கள் அரேயாக (பல மதிப்புகளை வரிசையாகக் கொண்ட பட்டியலாக) வருகின்றன. அதை இன்செர்ட் செய்தால் (தரவுத்தளத்தில் சேர்த்தால்), பெயர்களுக்குப் பதிலாக ‘அரே’ என்ற சொல்லே பதிவாகிறது. பெயர்களைக் காற்புள்ளியால் இணைத்து ஒரே புலத்தில் வைத்துவிடலாமா?

பதில்: அந்தச் சொல் தரவுத்தளத்திலிருந்து வந்ததன்று. அரேயைச் சரமாக (எழுத்துத் தொடராக) மாற்ற நேரும்போது, பிஎச்பி அதன் உள்ளடக்கத்தை விட்டுவிட்டு அச்சொல்லைத் தருகிறது.

காற்புள்ளியால் இணைக்க வேண்டாம். நூற்பட்டியல்களில் ‘சுந்தரம், க.’ என்பதுபோல் பெயருக்குள்ளேயே காற்புள்ளி வரும். ஓர் ஆசிரியரின் நூல்களைத் தேடும்போதும் இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் சுட்டுப்பட்டியல்) உதவாமல் முழு அட்டவணையையும் படிக்க நேரும். கணினி அறிஞர் எட்கர் காட் 1970-இல், தரவுகளை அட்டவணைகளாக வைக்கும் உறவுநிலைத் தரவு மாதிரியை முன்வைத்தபோதே, ஒரு புலத்துக்குள் பட்டியல் அடங்கியிருப்பதை நீக்கித் தனி அட்டவணையாக்கும் முறையை விளக்கியிருந்தார்.

ஆகவே நூல், ஆசிரியர் என இரு அட்டவணைகளும், இரண்டின் எண்களையும் இணைக்கும் மூன்றாவது அட்டவணையும் வேண்டும். அந்த மூன்றாவதில் ‘வரிசை எண்’ என்றொரு புலத்தை மறவாமல் சேருங்கள். அரேயில் யார் முதலில், யார் அடுத்து என்பது இருக்கும் இடத்திலேயே தெரிந்துவிடுகிறது. அட்டவணையின் பதிவுகளுக்கோ இயல்பான வரிசை கிடையாது. இப்புலம் இல்லையெனில், முதன்மை ஆசிரியர் யார் என்பதைப் பின்னர் மீட்க இயலாது. பலரும் தவறவிடுவது இதைத்தான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் டிரான்சாக்‌ஷன் ஒன்றைத் (முழுதும் நிறைவேறும் அல்லது முழுதும் நீங்கும் செயல்தொகுப்பைத்) தொடங்கி நூலை இன்செர்ட் செய்து, அதற்குக் கிடைத்த எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அரேயின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஆசிரியர் எண்ணைக் கண்டறிந்து (புதியவரானால் சேர்த்து), ஒருமுறை தயாரித்த பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்டையே (மதிப்புகளைத் தனியே பெறும் கட்டளையையே) சுழற்சியில் இயக்கி இணைப்புப் பதிவுகளை எழுதி, இறுதியில் கமிட் செய்யுங்கள் (மாற்றங்களை உறுதிப்படுத்துங்கள்). இடையில் பிழை நேர்ந்தால் ரோல்பேக் செய்துவிடலாம் (எல்லாவற்றையும் முன்னிலைக்குத் திருப்பிவிடலாம்). ஆசிரியர்களில் சிலர் விடுபட்ட நூல் எதுவும் தங்காது. மதிப்புகளைச் சரத்தில் ஒட்டிக் கட்டளை அமைக்காதீர்கள்: ஓ'பிரையன் போன்ற பெயரின் மேற்கோள் குறி ஒன்றே கட்டளையை உடைக்கும், தீய நோக்குடையவர் தம் கட்டளையை நுழைப்பதற்கும் அதுவே வாசல்.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற மற்றொரு தரவுத்தளத்தில் அரேயை ஒரே மதிப்பாக அனுப்பி, அன்நெஸ்ட் என்ற செயல்கூறு மூலம் பதிவுகளாகப் பிரிக்கலாம், 9.4 பதிப்பு முதல் அதனுடன் சேர்க்கும் வித் ஆர்டினாலிட்டி என்ற தொடர் வரிசை எண்ணையும் தருகிறது. மைஎஸ்க்யூஎல்லில் அரே வகை இல்லை. ஒரே இன்செர்ட் கட்டளையில் வேல்யூஸ் என்ற சொல்லுக்குப் பின் பல பதிவுகளை அடுக்கலாம். ஆனால் அரே வெறுமையாக இருந்தால் அக்கட்டளை பிழையாகும். ஆசிரியர் பெயரில்லாத நூல்களும் வாசகசாலையில் இருக்குமாதலால், அதை முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.