அந்த நர்ஸைக் கூப்பிடத் தயங்க வேண்டாம்

அம்மாவுக்குப் புற்றுநோய்க்காகக் கீமோ நடக்கிறது, மூன்று டாக்டர்கள் மூன்று விதமாகச் சொல்கிறார்கள், ஒருங்கிணைப்பு நர்ஸைக் கூப்பிட்டால் தொந்தரவாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. அவர் வேலையே அதுதான். அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு என்று ஒவ்வொருவரும் தங்கள் பகுதியைப் பார்ப்பார்கள். முழுப் படத்தையும் கையில் வைத்திருப்பவர் இவர்தான். டாக்டர்கள் சொல்வது முரண்பட்டால் அவர்களிடமே பேசித் தெளிவுபடுத்துவார்.

என் அப்பாவின் சிகிச்சையின்போது எங்கள் நர்ஸ் போனில், "சட்டைப் பட்டன் போட முடிகிறதா?" என்று கேட்டார். அப்பா நான்கு நாளாக என்னைப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். சோர்வு என்று நினைத்துவிட்டேன். கீமோவால் விரல் நரம்பு மரத்துப்போயிருந்தது. நர்ஸ் அன்றே டாக்டரிடம் சொன்னார், அடுத்த சுற்றில் மருந்தின் அளவைக் குறைத்தார்கள்.

ஒன்று மட்டும் கட்டாயம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் (100.4 ஃபாரன்ஹீட்) தொட்டால் நள்ளிரவானாலும் உடனே கூப்பிடுங்கள். கீமோவால் இரத்த வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும்போது தொற்று சில மணி நேரத்திலேயே முற்றிவிடலாம். கேட்காமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள், காய்ச்சலை மறைத்துவிடும். இரவில் அவர் பணியில் இல்லையென்றால் எந்த எண்ணைக் கூப்பிடுவது என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

மாத்திரைப் பட்டியல், வாந்தி, தூக்கம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அப்புறம், நீங்கள் சரியாகத் தூங்குகிறீர்களா என்று அவர் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.