கேள்வி நேரம்: தோபா ஏரி, பத்தாக் மக்கள், சாம்பிராணி

இம்மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கடலுக்கு அக்கரையில் இருக்கும் சுமத்ராவைப் பற்றியவை. பள்ளி விடுமுறை நெருங்குகிறது அல்லவா!

கே: டிசம்பரில் குடும்பத்தோடு தோபா ஏரிக்குப் போகிறோம். அந்த ஏரியே எரிமலையின் வாய் என்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? (வாசகி, பட்டர்வொர்த்)

ப: தாராளமாகப் போகலாம் அம்மா. எரிமலை வாய் என்பது உண்மைதான். ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் நிலத்தடிப் பாறைக்குழம்பு பெருமளவில் வெடித்து வெளியேறியது. கீழே தாங்க ஏதுமில்லாமல் மேல்தளம் அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. அந்தப் பள்ளத்தில் நீர் சேர்ந்து உண்டானதுதான் சுமார் 100 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் உள்ள இந்த ஏரி; மிக ஆழமான இடத்தில் சுமார் 500 மீட்டர். பிறகு அடியில் மறுபடியும் குழம்பு ஏறி ஏரியின் தரையையே மேலே தூக்கியது. அப்படி எழுந்த நிலம்தான் சமோசிர் தீவு. அதன் மேட்டுப் பகுதியில் பாதைக்காக வெட்டிய சரிவுகளைப் பாருங்கள். ஒரு காலத்தில் நீருக்கடியில் கிடந்த வண்டல் அடுக்கடுக்காகத் தெரியும்.

போவதற்கு முன் ஒரு நாள் பிள்ளைகளைப் பேராக்கில் உள்ள லெங்கோங் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே கோத்தா தம்பான் என்ற இடத்தில் ஆதி மனிதர்கள் கற்கருவி செய்த பட்டறை கிடைத்தது. அங்கு படிந்திருப்பது தோபாவின் சாம்பல்தான். 2012-இல் யுனெஸ்கோ அந்தப் பள்ளத்தாக்கை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதே சாம்பல் ஆந்திராவின் ஜுவாலாபுரம் வரை போய் விழுந்திருக்கிறது. இதை அறிந்துவிட்டு ஏரிக்கரையில் நின்றால் பிள்ளைகளுக்கு அதன் அளவு புரியும்.

ஏரியில் எச்சரிக்கை தேவைப்படுவது படகு விஷயத்தில். 2018 ஜூன் 18 அன்று சமோசிர் தீவின் சிமானிந்தோவிலிருந்து எதிர்க்கரையில் உள்ள திகாராசுக்குப் போன படகு மூழ்கி 160-க்கும் மேற்பட்டோர் காணாமல் போனார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். காற்றும் அலையும் சேர்ந்துகொண்டன. படகு கிடந்தது 450 மீட்டர் ஆழத்தில். ஆகவே காலைப் படகில் ஏறுங்கள். எல்லோருக்கும் மிதவைச் சட்டை இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த படகு வரட்டும். தண்ணீர் என்றாலே பயம் என்பவர்கள் தெலே வழியாக மலைப்பாதையில் பங்குருரான் போய், அங்குள்ள கால்வாய்ப் பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழையலாம். வளைவு அதிகம். வாந்தி வரும் பிள்ளைகளுக்குப் புறப்படும்போது வயிறு நிறையக் கொடுக்காதீர்கள்.

கே: நாம் வெள்ளிக்கிழமை போடும் சாம்பிராணி சுமத்ராவிலிருந்து வருகிறதாமே? எப்படி எடுக்கிறார்கள்? நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், ஆயர் ஈத்தாம்)

ப: ஆமாம். ஏரிக்குத் தென்மேற்கே, ஹும்பாங் ஹசுண்டுத்தான் மலைக்காடுகளில், ஏரியைச் சுற்றி வாழும் தோபா பத்தாக் இன மக்கள் தலைமுறை தலைமுறையாக எடுக்கும் பிசின் அது. அவர்கள் அதை ஹமிஞ்சோன் என்கிறார்கள்.

முதலில் மரத்தைச் சுற்றியுள்ள புதரை வெட்டுவார்கள். கயிற்றில் கட்டை கட்டி மிதிபடி செய்துகொண்டு மேலே ஏறி, பட்டையின் சொரசொரப்பான மேல்பகுதியைச் சுரண்டி வழவழப்பாக்குவார்கள். கூர்முனைக் கருவியால் பட்டையில் சிறு கீறல் போட்டு, அதே கருவியின் பிடியால் அந்த இடத்தைச் சுற்றித் தட்டுவார்கள். இப்படித் தட்டுவதில்தான் கைத்திறன். மெதுவாகத் தட்டினால் பட்டை உள்மரத்தை விட்டு விலகாது, பிசின் தங்க இடம் இராது. ஓங்கித் தட்டினால் பட்டை கிழிந்து பால் வெளியே வழிந்து அழுக்காகிவிடும். மூன்று, நான்கு மாதம் கழித்து, கெட்டிப்பட்ட வெள்ளைக் கட்டியைப் பட்டையோடு பெயர்த்தெடுப்பார்கள். இதுவே முதல் தரம், சிடுகாப்பி என்பார்கள். அதே காயத்தில் பின்னர் கசிவது தாஹிர், விலை குறைவு. ஆசைப்பட்டு ஒரே மரத்தில் கீறல்களைக் கூட்டினால் மரம் பட்டுப்போகும்.

இந்த மரம் மற்ற மரங்களின் நிழலில், ஈரம் குறையாத காட்டில் வளர்வது. சுற்றியுள்ள காட்டை அழித்துக் காகிதக்கூழுக்காக யூகலிப்டஸ் நட்டபோது பண்டுமான், சிப்பித்துஹுத்தா ஊர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். பெண்கள் முன்னணியில் இருந்தார்கள். 2016 டிசம்பரில் இந்தோனேசிய அரசு முதன்முறையாகச் சில மரபுக் காடுகளை அங்கீகரித்தபோது அந்த ஊர்களும் பட்டியலில் இடம்பெற்றன. நம் பூஜையறைப் புகைக்குப் பின்னால் இப்படி ஒரு நிலப் போராட்டம் இருப்பதை நம்மவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வாங்கும்போது கட்டியை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். பழுப்பு நிறத்துக்கு நடுவே பாதாம் பருப்பு மாதிரி பால் வெள்ளைத் துண்டுகள் தெரிய வேண்டும். முழுக்கக் கண்ணாடிபோல ஒரே நிறமாக இருந்தால் டாமர் என்ற வேறு மரப்பிசின் கலந்திருக்க வாய்ப்புண்டு. நெருப்பில் போட்டால் நல்லது இனிப்பு மணம் தரும். கலப்படத்தில் தார் வாடை வரும். கரி நன்றாகச் சிவந்த பிறகு மேலே மெல்லிய சாம்பல் படியவிட்டு, அரைத் தேக்கரண்டி தூவுங்கள். கொழுந்து விட்டு எரியும் கரியில் போட்டால் கருகி, தொண்டை கமறும்.

கே: பத்தாக் மக்களும் தாய்மாமன் மகளைத்தான் கட்டுவார்களா? கரோ மக்களிடம் சோழியா, பாண்டியா என்ற குலங்கள் இருக்கின்றனவாமே, அவர்கள் தமிழர்களா? (வாசகர், செந்தூல்)

ப: தாய்மாமன் மகள் அவர்களுக்கும் உரிமைப் பெண். ஆனால் நாம் முறைப்பெண் என்று சொல்லும் அத்தை மகளைக் கட்டக்கூடாது. பெண் கொடுத்த குலம் என்றைக்கும் மேலிடம், பெண் எடுத்த குலம் கீழிடம். அத்தை மகளை எடுத்தால் அந்த வரிசை தலைகீழாகிவிடும். ஒரே மார்கா, அதாவது ஒரே குலத்துக்குள் திருமணம் கிடையாது. இன்று நகரத்துப் பிள்ளைகள் விருப்பப்படி கட்டிக்கொள்கிறார்கள். அப்போதும் மாப்பிள்ளை முதலில் தாய்மாமனிடம் போய் ஆசி வாங்குவது வழக்கம். வெளியார் ஒருவர் குடும்பத்துக்குள் வந்தால், முறைப்படி சடங்கு செய்து அவருக்கு ஒரு மார்காவைக் கொடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள்.

கரோ மக்கள் ஏரிக்கு வடக்கே வாழும் பத்தாக் பிரிவினர். அவர்களின் ஐந்து பெருங்குலங்களில் ஒன்று செம்பிரிங். அதன் கிளைகளில் சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா, பிரம்மானா எல்லாம் உண்டு. இறந்தவர் சாம்பலை ஆற்றில் விடும் சடங்கும் அந்தக் குலத்தில் இருந்தது. மேற்குக் கரையில் பாருஸ் துறைமுகத்துக்கு அருகே லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கற்பூரம் வாங்கப் போன திசையாயிரத்து ஐந்நூற்றுவர் வணிகக் குழு வைத்தது. தொடர்பு இருந்தது என்பதற்கு இவை போதும். ஆனால் அவர்களைத் தமிழர் என்று அழைக்காதீர்கள். கரோ மொழி பேசி, கரோ முறைப்படி வாழும் கரோ மக்கள் அவர்கள். தமிழரைப் பார்க்க வேண்டுமென்றால் மேடானில் ஸ்ரீ மாரியம்மன் கோயில் பக்கம் போங்கள். டெலி புகையிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் சந்ததியினர் இருக்கிறார்கள்.

கே: சாப்பாட்டுக் கடைப் பலகையில் கவனிக்க வேண்டியது என்ன? (வாசகி, பிறை)

ப: பி1 என்றால் நாய் இறைச்சி, பி2 பன்றி, பி.பி.கே. என்றால் கரோ முறையில் வாட்டிய பன்றி. சக்சாங் குழம்பில் இரத்தமும் சேரும். மீன் சாப்பிடுபவர்கள் ஆர்சிக் கேளுங்கள்: கெண்டை மீனை மஞ்சள், புங்கா கந்தான் காய், அண்டலிமான் மிளகோடு நீர் வற்றும்வரை வேகவைப்பது. அண்டலிமான் நாக்கை மரத்துப்போகச் செய்யும். பிள்ளைகளுக்கு ஒதுக்கிவிட்டுக் கொடுங்கள்.

கே: கரோ மலைநாட்டு ஊரான பெராஸ்தாகியில் எந்த மலை ஏறலாம்? (வாசகர், கிள்ளான்)

ப: சினாபுங் வேண்டாம். பல நூறு ஆண்டு அமைதிக்குப் பின் 2010-இல் விழித்த எரிமலை. 2014 பிப்ரவரியில் அதன் சரிவில் பாய்ந்த அனல் மேகம் தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் இருந்தவர்களைக் கொன்றது. சிபாயாக் ஏறலாம், சுமார் 2,200 மீட்டர். வழிகாட்டியோடு விடியலுக்கு முன் கிளம்புங்கள். மதியத்துக்குள் மூடுபனி வந்து பாதை மறையும். உச்சியில் கந்தகப் புகை சீறும் துளைகளுக்குக் காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். பள்ளமான இடத்தில் இறங்கிப் படம் எடுக்க வேண்டாம், அந்த வாயுக்கள் காற்றைவிடக் கனமானவை, தாழ்வில்தான் தேங்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அடிவாரத்து வெந்நீர்க் குளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.