சின்னக் கோச்சி: வாசகர் கேள்வி – பதில் (மார்கழி விடுமுறைப் பக்கம்)

பாடசாலை விடுமுறை வந்துவிட்டது. நத்தார், புதுவருடம், பொங்கல் என்று வரிசையாக வீட்டில் ஆள் கூடும் காலம். அலுமாரிக்கு மேலே இருந்த மாதிரி ரயில் பெட்டிகளும் கீழே இறங்கியிருப்பது வந்த கடிதங்களில் தெரிகிறது. பலரும் இஞ்சினைத்தான் குறை சொல்லியிருக்கிறார்கள். முதலில் தண்டவாளத்தைப் பாருங்கள் என்பதே எங்கள் பதில்.

நத்தார் மரத்தைச் சுற்றி ஓட ஓ.ஓ. அளவு (76-இல் ஒன்று) ரயில் செட் ஒன்றை விரித்தோம். ஓடிக்கொண்டே இருந்து திடீரென்று நிற்கிறது, கன்ட்ரோலரும் சுடுகிறது. பிள்ளைகள் முகம் வாடிப்போகிறது, ஐயா. என்ன செய்யலாம்? – வாசகி, ஹட்டன்

மரத்தில் தொங்கும் ஜிகினா இழையைப் பாருங்கள். அதில் உலோகப் பூச்சு இருக்கிறது. ஓர் இழை உதிர்ந்து இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே விழுந்தால் ஷார்ட் ஆகும். கன்ட்ரோலர் சுடுவதும் நிற்பதும் அதனால்தான். கீழ்க் கிளைகளில் ஜிகினா வேண்டாம், துணி ரிபன் கட்டுங்கள்.

அடுத்தது தரை. கம்பளத்தின் நூல் பஞ்சு அச்சில் சுற்றிக்கொண்டு பல்சக்கரம் வரை போய்விடும். எட்டுக்கு நான்கு அடி பிளைவூட்டைப் பாதியாக அறுத்தால் நான்கடிச் சதுரம் கிடைக்கும். செட்டோடு வரும் வளைவு 438 மி.மீ. ஆரம் என்றால் வட்டத்தின் குறுக்களவு 88 செ.மீ. தான்; நான்கடி என்பது 122 செ.மீ. வெளிப்பக்கம் தாராளமாக இடம் மிஞ்சும், தடம் புரண்டாலும் பெட்டி பலகையிலேயே கிடக்கும். சைப்ரஸ் கிளையைத் தண்ணீர் வாளியில் நட்டிருந்தால் வாளியைச் சுற்றிப் பொலித்தீன் கட்டுங்கள். கிளையில் வடியும் பிசின் தண்டவாளத்தில் பட்டால் துணியால் துடைத்துப் போகாது, ஸ்பிரிட் வேண்டும்.

அண்ணே, ஒரு கிழமை மழை பெய்தால் போதும், ரயில் துள்ளித் துள்ளித்தான் போகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ரெண்டு நாள் நல்லா ஓடும், பிறகு பழைய கதை. பலகையும் வளைகிறது. – வாசகர், நுவரெலியா

உப்புத்தாளை இன்றே தூக்கிப் போடுங்கள். அது அழுக்கை எடுப்பதோடு தண்டவாளத்தின் தலையில் நுண்ணிய கீறல்களையும் போடுகிறது. அடுத்த அழுக்கு அந்தக் கீறலுக்குள் போய் உட்காரும், சக்கரம் அங்கே தாவும்போது சிறு பொறி பறக்கும், பொறி பறந்த இடம் கருகும். இரண்டு நாளில் பழைய நிலைக்குத் திரும்புவதற்குக் காரணம் இதுதான்.

முதலில் ஒரு காந்தத்தைத் தண்டவாளத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, நுவரெலியா ஈரத்தில் அது துருப்பிடித்தே தீரும், மாற்றிவிடுவது நல்லது. ஒட்டாமல் வெள்ளி நிறமாக இருந்தால் நிக்கல் சில்வர். அது துருப்பிடிக்காது, மங்க மட்டும் செய்யும். பழைய பருத்தித் துணியில் ஐசோபுரோப்பைல் அல்ககோலை நனைத்து, துணியில் கறுப்பு வராத வரை துடையுங்கள். பிறகு சக்கரம்: டிஷ்யூத் தாளை அதே அல்ககோலில் நனைத்துத் தண்டவாளத்தின் மேல் விரித்து, இஞ்சினின் ஒரு போகி (அடியிலுள்ள சக்கரத் தொகுதி) தாளிலும் மற்றது வெறும் தண்டவாளத்திலும் நிற்கும்படி கையால் பிடித்துக்கொண்டு கரண்ட் கொடுங்கள். தாளில் இரண்டு கறுப்புக் கோடு விழும். தாளை நகர்த்தி நகர்த்தி, கோடு விழாமல் ஆகும்வரை செய்து, இஞ்சினைத் திருப்பி மறு போகிக்கும் அப்படியே. சக்கரத்தைத் துடைக்காமல் தண்டவாளத்தை மட்டும் துடைத்தால் ஒரே சுற்றில் அழுக்கு திரும்பவும் ஒட்டிவிடும். விறகடுப்பு உள்ள வீடு என்றால் எண்ணெய் கலந்த புகை படிவதையும் கணக்கில் எடுங்கள். சமையல் நேரத்தில் ஒரு பெட்ஷீட் போட்டு மூடினாலே பாதித் தொல்லை குறையும்.

மழைக்குப் பிறகு ஒரே இடத்தில் மட்டும் வேகம் குறைந்தால், அது இணைப்புத் தகடு. இரண்டு தண்டவாளத்தையும் சேர்க்கும் அந்தச் சின்னத் தகட்டுக்குள் ஈரம் புகுந்தால் தடை கூடும். மின்னோட்டத்தை அதை நம்பி அனுப்பாதீர்கள். பலகைக்கு அடியில் வீட்டு லைட்டுக்கு இழுக்கும் 1/1.13 வயரில் இரண்டு கோடு ஓட்டி, ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு சோடி மெல்லிய வயரைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் சோல்டர் பண்ணி இறக்குங்கள். உள்பக்கத்தில் பண்ணினால் சக்கர விளிம்பு தட்டும். சரிபார்க்க, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது கன்ட்ரோலர் அருகிலும் கடைசி முனையிலும் மல்டிமீற்றர் வைத்து வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயர் போதவில்லை. இஞ்சின் ஓடாமல் அளந்தால் எல்லா இடத்திலும் ஒரே அளவுதான் காட்டும், அதை நம்பி ஏமாற வேண்டாம்.

பலகை வளைவது வேறு விஷயம். வெயிலுக்குத் தண்டவாளம் நீள்கிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஒரு மீற்றர் நிக்கல் சில்வர் 15 பாகை சூடேறினால் நீள்வது கால் மில்லிமீற்றர் அளவுதான். உண்மையில் அசைவது மரம். மழையில் ஊறிப் பருத்த பலகை மாசி வெயிலில் சுருங்கும்போது, மேலே ஆணி அடித்த தண்டவாளத்துக்குப் போக இடமில்லாமல் அது வளைகிறது. எனவே சாதாரண மரப்பலகை வேண்டாம்; பிளைவூட் எடுத்து மேல், கீழ், நான்கு விளிம்பு எல்லாவற்றுக்கும் இரண்டு கோட் வார்னிஷ் அடியுங்கள். மேலே மட்டும் பெயின்ட் அடித்து அடியை விட்டால் அடிப்பக்கம் மட்டும் ஈரம் குடிக்கும், பலகை வில்லாக வளையும். இணைப்புகளில் அரை மில்லிமீற்றர் இடைவெளி விட்டால் போதும்.

இஞ்சின்களை இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். அரிசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் மாவுத்தூசி பல்சக்கரத்துக்குப் போவதுதான் மிச்சம். குளிரான அறையிலிருந்து ஹீட்டர் போட்ட அறைக்குக் கொண்டுவந்தால் டப்பாவை ஒரு மணி நேரம் திறக்காதீர்கள், உடனே திறந்தால் உலோகமெல்லாம் வியர்க்கும்.

மாமா, போன் சார்ஜரில் வயர் வெட்டி ரயில் ஓட்டலாமா? அப்பாவின் கார் பெற்றரி 12 வோல்ட் தானே, அதுவும் சரிவருமா? – மாணவன், தலவாக்கலை

தம்பி, போன் சார்ஜர் 5 வோல்ட். ரயிலுக்கு 12 வோல்ட் டீ.சி. வேண்டும். 5 வோல்ட்டில் இஞ்சின் ஊரும், ஏற்றத்தில் நிற்கும். கார் பெற்றரி வோல்ட்டில் சரி, ஆனால் அதைத் தொடாதே: ஷார்ட் ஆனால் நூறு அம்பியருக்கு மேல் பாயும், வயர் உருகித் தீப்பிடிக்கும். ஷார்ட் ஆனால் தானே நிற்கும் 12 வோல்ட் 1 அம்பியர் அடப்டரும் ஒரு வேகக் கட்டுப்பாட்டுச் சர்க்கிட்டும் போதும். 230 வோல்ட் பக்கம் எதையும் வெட்டாதே.

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை விடுமுறைக்குள் செய்து முடிக்க ஆசை. எச்.ஓ. (HO) அளவா, என் (N) அளவா? பக்கத்து லூப்பையும் (லைன் சுற்றிவரும் வட்டத்தையும்) சேர்க்கலாமா? – வாசகர், பண்டாரவளை

பாலம் ஏறத்தாழ 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம். எச்.ஓ. அளவில் (87-இல் ஒன்று) அது 105 செ.மீ. நீளம், 28 செ.மீ. உயரம் ஆகும். என் அளவில் (160-இல் ஒன்று) 57 செ.மீ., 15 செ.மீ. வீட்டு மேசையில் முழு அளவும் வேண்டுமென்றால் என் அளவுதான். பாலத்தைச் சுருக்கி ஆறு வளைவாக்கிவிட்டு அதே பெயரை வைக்காதீர்கள். எல்ல பக்கத்து ஆட்கள் வீட்டுக்கு வந்ததும் முதலில் எண்ணிப் பார்ப்பார்கள்.

எல்லோரும் தவறுவது பாலம் பக்கவாட்டில் வளைந்து திரும்புவதில். என் அளவில் 60 செ.மீ. ஆரம் எடுத்தால் 57 செ.மீ. பாலம் ஏறத்தாழ 54 பாகை திரும்பும். ஒன்பதால் பிரித்தால் வில் ஒன்றுக்கு 6 பாகை. பாலத்தின் அகலம் 35 மி.மீ. என்று வைத்தால் வெளிச்சுவர் உள்சுவரை விட 33 மி.மீ. நீளம். இந்த வித்தியாசத்தை எங்கே ஒளிப்பது என்பதுதான் கேள்வி. வில்களில் வைத்தால் வெளிப்பக்க வில் பெரிது, உள்பக்க வில் சிறிது என்று பதினெட்டு வில்லும் குழம்பும். தூண்களில் வையுங்கள். வில் எல்லாம் ஒரே அச்சில் வெட்டியதாக, உள்ளும் வெளியும் ஒரே அளவாக இருக்கட்டும். தூணை மட்டும் உள்பக்கம் ஒடுங்கி, வெளிப்பக்கம் 4 மி.மீ. அளவு அகன்ற ஆப்பாக வெட்டுங்கள். நூலில் பென்சில் கட்டித் தரையில் வட்டம் வரைந்து, தாளில் படிவம் எடுத்த பிறகே அட்டையில் கத்தி வையுங்கள்.

அட்டை 2 மி.மீ. தடிப்பு, வெட்டியதும் வார்னிஷ். கல் வரிகளைத் தீர்ந்துபோன பால்பொயின்ட் பேனாவால் அழுத்திக் கீறலாம். நிஜப் பாலம் இரும்பில்லாமல் கல், செங்கல், சீமெந்தால் 1921-இல் முடிந்தது. எனவே இரும்புத் தாங்கி, துருநிறம் எதுவும் அதில் வரக்கூடாது. வெளிர்ச் சாம்பல் அடித்து, மழைநீர் வடியும் இடங்களில் கரும்பச்சையைக் கீழ்நோக்கி இழுத்தால் சரி.

லூப்பில் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் வழியாக லைன் திரும்ப வருகிறது. அதற்கு உயரம் வேண்டும். மலைநாட்டுப் பாதையின் ஏற்றம் 44-க்கு 1, அதாவது மீற்றருக்கு 2.27 செ.மீ. என் அளவில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் 5 செ.மீ.யாவது வேண்டும், 45 செ.மீ. ஆர வட்டம் 2.83 மீற்றர் சுற்று, அது 6.4 செ.மீ. ஏற்றித் தரும். இடைப் பலகையின் தடிப்புக்கும் இடம் கிடைக்கிறது. சமதளத்திலிருந்து ஏற்றத்துக்கு ஒரே மடிப்பாகப் போகாதீர்கள். முதல் 30 செ.மீ.க்குப் பாதிச் சரிவு மட்டும் கொடுங்கள், இல்லாவிட்டால் கொக்கி கழன்று பின் பெட்டிகள் இறக்கத்தில் தனியாக ஓடிவரும். வளைவும் ஏற்றமும் சேர்ந்தால் இஞ்சின் இழுக்கும் பெட்டி நன்றாகக் குறையும். சுரங்கத்தை மூடுவதற்கு முன் உங்கள் முழு ரயிலையும் ஏற்றிப் பாருங்கள், கை நுழைய ஒரு வாசலும் விடுங்கள்.

நிஜத்தில் 5 செயின் வளைவுகளும் இந்தப் பாதையில் உண்டு. அது 100 மீற்றர் ஆரம். என் அளவில் 63 செ.மீ. ரயில்காரர்கள் மிகக் கூர்மை என்று சொல்லும் வளைவே நம் செட் வளைவை விட எவ்வளவு பெரிது என்று பாருங்கள். இடம் இருக்கும் பக்கமெல்லாம் பெரிதாக வளையுங்கள்.

நம்ம லைன் அகலப் பாதை ஆச்சே, கடையில் வாங்கும் தண்டவாளம் பொருந்துமா? – வாசகர், நாவலப்பிட்டி

கணக்குப்படி பொருந்தாது. 1676 மி.மீ. பாதை எச்.ஓ.வில் 19.3 மி.மீ., கடைத் தண்டவாளம் 16.5. பக்கவாட்டில் பார்க்கும்போது தெரியாது, முன்னால் நின்று பார்த்தால் தெரியும். பெரும்பாலோர் 16.5-ஐயே வைத்துக்கொள்கிறோம். சக்கரம், போகி, பொயின்ட் (தடம் மாறும் இடம்) எல்லாவற்றையும் கையால் செய்யத் துணிந்தவர்களுக்கு மட்டும் 19.3.

நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குப் போன பழைய குறும்பாதைக்கு இந்தத் தலைவலி இல்லை. 1940களில் மூடிய அந்த லைன் 762 மி.மீ.; எச்.ஓ.வில் 8.8. என் அளவின் 9 மி.மீ. இஞ்சின் அடிப்பாகத்தை வாங்கி மேலே எச்.ஓ. உடல் கட்டினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தண்டவாளத்தை மட்டும் குறும்பாதைக்கென்று விற்கும் வகையில் வாங்குங்கள். என் அளவுத் தண்டவாளத்தில் சிலிப்பர் கட்டைகள் பொடியாக, நெருக்கமாக இருக்கும்.

தேயிலை மலை செய்தால் புல்தரை மாதிரிதான் வருகிறது. தோட்டத்தில் பிறந்தவளுக்கே வெட்கமாக இருக்கிறது. – வாசகி, கொட்டகலை

உருண்டை உருண்டையாகச் செடி ஒட்டியிருப்பீர்கள். கொழுந்து எடுக்கும் மலை மேலே மட்டமாக இருக்கும், மட்டக்கம்பு வைத்த மாதிரி. இடுப்பளவுச் செடி எச்.ஓ.வில் 1 செ.மீ. உயரம். நான்கடி வரிசை, இரண்டடி இடைவெளி என்றால் 14-க்கு 7 மி.மீ.; ஒரு சதுர அடி மலைக்கே 900-க்கு மேல் செடி. தனித்தனியாக ஒட்டினால் அடுத்த நத்தார் வந்துவிடும்.

பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை 12 மி.மீ. பட்டைகளாக வெட்டி, 2 மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டுங்கள். 15-க்கு 10 செ.மீ. நாரில் எட்டுப் பட்டை வரும்; சதுர அடிக்கு ஆறு நார். பட்டையின் இரு பக்கத்தையும் கத்தரி நுனியால் 7 மி.மீ.க்கு ஒருமுறை கொத்திவிட்டால் செடி செடியாகத் தெரியும். கீழ்ப்பாதிக்குக் கபில நிறம், மேலே கரும்பச்சை. கொழுந்து நிற்கும் மலைக்கு மட்டும் மேல்மட்டத்தில் இளமஞ்சள் பச்சைத் தூள் தூவுங்கள். நேற்று எடுத்த மலைக்கு அது வேண்டாம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் தோட்டம் உயிர் பெறும். ஒரு மூலையில் கவ்வாத்து மலை வைக்க விரும்பினால் தும்புத்தடி நாரை 5 மி.மீ. நீளத்தில் வெட்டி நட்டால் போதும்.

வரிசை மலையைச் சுற்றி ஓட வேண்டும், மேலிருந்து கீழே அல்ல. நடுநடுவே கான் வெட்டுங்கள். மலையை ரெஜிபோமில் செதுக்கினால் பைண்டர் கம் தவிர வேறு பசை பட வேண்டாம், சில பசைகள் ரெஜிபோமைக் கரைத்துவிடும். மண்ணுக்குக் குடித்த தேயிலைச் சக்கையைப் போடுவது நல்ல யோசனைதான், ஆனால் நம் குளிரில் வெயிலில் காய்ந்தது போதாது. சட்டியில் ஈரம் முழுக்கப் போகும்வரை வறுத்தெடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் வெள்ளைப் பூஞ்சணம், மலையெல்லாம் பனி விழுந்த மாதிரி நிற்கும்.

எம்2 இஞ்சின் மாதிரி கடையில் கிடைக்குமா? – வாசகர், ஹப்புத்தளை

எம்2 என்பது ஜெனரல் மோட்டர்ஸ் ஜி12 வகை. 1954-இலிருந்து இங்கே ஓடுகிறது, ஒன்டாரியோ, அல்பர்ட்டா என்று கனடா மாகாணப் பெயர் தாங்கியவையும் அதில் உண்டு. பிரேசிலின் ஃப்ரட்டெஸ்கி நிறுவனம் எச்.ஓ.வில் ஜி12 செய்கிறது. அதை வாங்கி நம் நிறம் அடிக்கலாம். அடிக்குமுன் போகியின் சக்கர எண்ணிக்கையை நிஜ இஞ்சின் படத்தோடு ஒப்பிடுங்கள், ஜி12-இல் வகைகள் உண்டு.

விடுமுறை முழுக்க ஓட்டப்போகிறோம், எவ்வளவு எண்ணெய் விடவேண்டும்? – வாசகர், பதுளை

அச்சு முனைக்கு ஊசி நுனியில் நிற்கும் அளவு ஒரு துளி. பிளாஸ்டிக்குக்குப் பாதிப்பில்லாதது என்று எழுதிய எண்ணெயாக இருக்கட்டும். தையல் இயந்திர எண்ணெய் சில பிளாஸ்டிக்குக்கு ஒத்துவராது. தண்டவாளத்தில் எண்ணெய் தெரிந்தால் அதிகமாக விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், மேலே நுவரெலியாக்காரருக்குச் சொன்ன துடைப்பைத் தொடங்குங்கள்.